இரு கோப்புகளிலும் ஒரே தவறு

நான் பார்த்துக் காப்பியடித்தேன். அதற்கு ஜன்னத் வேலையை இழந்தாள். நான் உண்மையைச் சொல்லவில்லை.

சொல்லிவிட்டேன்... இனி நீங்கள் என்னை எப்படி வேண்டுமானாலும் எண்ணிக்கொள்ளலாம்.

காரைக்குடியில் ஒரு சிறிய அலுவலகம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடந்த ஓர் அமெரிக்க அதிபர் தேர்தலின் முடிவுகளைப் பழைய செய்தித்தாள் படங்களைப் பார்த்துக் கணினியில் ஏற்றினோம். கவுண்ட்டி வாரியாக. நம் மாவட்டம் போன்றது கவுண்ட்டி. ஒரே பக்கத்தை இருவர் தனித்தனியே அடிக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் சரி. மாறுபட்டால் மூலத்தை மறுபடி பார்ப்பார்கள். ஒருவர் பிழையை மற்றவர் பிடிப்பதற்காகவே அந்த ஏற்பாடு.

ஜன்னத்துக்கு இணை நான். அவள் வேலைக்குப் புதியவள். மதியத் தொழுகைக்கு எழுந்து போகும்போது திரையை மூடாமல் போவாள். பக்கத்தில் நான்தானே இருக்கிறேன்!

ஒரு நாள் அவள் அப்படிப் போயிருந்தாள். மறுநாள் நாட்டரசன்கோட்டையில் தங்கை மகளுக்குக் காதுகுத்து. பக்கங்களை முடித்தால்தான் விடுப்பு. மங்கிய அச்சோடு மல்லாட எனக்குப் பொறுமையில்லை. அவள் திரையைப் பார்த்து அப்படியே அடித்தேன். எவ்வளவு அற்பமான காரணம்! பசியா, நோயா... ஒன்றுமில்லை.

சில வாரங்களில் புகார் வந்தது. ஒரு கவுண்ட்டியில் வென்றவரின் வாக்குகள் தோற்றவர் பெயரில் ஏறியிருந்தன. ஜன்னத் இரு வேட்பாளர்களின் பத்திகளை மாற்றிப் படித்திருந்தாள். என் கோப்பிலும் அதே பிழை.

மேலாளர் இருவரையும் அழைத்தார். “ரெண்டு பேரும் ஒரே தப்ப எப்படிச் செய்வீக? யாரோ ஒருத்தர் பாத்து அடிச்சிருக்கீக.”

“பத்திய மாத்திப் படிச்சது நாந்தான் சார்,” என்றாள் ஜன்னத். “ஆனா யாரையும் பாத்து அடிக்கல.”

அவர் என் பக்கம் திரும்பினார்.

“நான் பக்கத்தப் பாத்துத்தான் சார் அடிச்சேன்.”

என் குரல் நடுங்கவேயில்லை. அதைத்தான் இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை!

அதற்கு மேல் அவர் விசாரிக்கவில்லை. பிழையை ஒப்புக்கொண்ட புதியவளை அனுப்புவது எளிதாக இருந்தது. அவள் தன் பையை எடுத்துக்கொண்டு போனாள். நான் அடுத்த பக்கத்தைத் திறந்தேன்.

சென்ற மாதம் எங்கள் ஊர்ச் செக்காலைப் பகுதியில் ஒரு துணிக்கடைக்குள் நுழைந்தேன். மேசைக்குப் பின்னால் ஜன்னத், துணி அளந்துகொண்டிருந்தாள்.

“வாங்கக்கா, நல்லா இருக்கீகளா?” முகமெல்லாம் சிரிப்பு. பிறகு, “அந்தக் கவுண்ட்டியச் சரிபண்ணிட்டாகளா?”

“பண்ணிட்டாக.”

“இப்பத்தான் மனசு ஆறுதுக்கா. அந்தப் பக்கம் அப்படி மங்கிக் கெடந்துச்சு. ஒங்க கண்ணுக்கும் அப்படித்தான தெரிஞ்சிருக்கு!”

அறியாமல் சொன்னாளா? அறிந்தே எனக்கு ஒரு வழிவிட்டாளா? அவள் முகத்தில் என்னால் எதையும் படிக்க முடியவில்லை...

இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன்.

“ரவிக்கைத் துணி பச்சையில இருக்கா?” என்று கேட்டேன்.

அவள் எடுத்துப் போட்டாள்.