யுராசிலுக்கு நான் போட்ட பூஜ்யம்

எண்பதுகளின் கடைசியில், இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் சாலை மறியல் நடந்த சமயம். கள்ளக்குறிச்சியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் எடுத்துக்கொண்டிருந்தேன். வேலையில் சேர்ந்து மூன்றாவது வருஷம். கோபம் மூக்கு நுனியில் நிற்கும். புத்தகத்தைத் தொடாமலே பாடம் நடத்துகிறவன் என்ற கர்வம் வேறு.

டி.என்.ஏ.வுக்கும் ஆர்.என்.ஏ.வுக்கும் உள்ள வேறுபாடுகள் பரீட்சையில் அடிக்கடி வருகிற கேள்வி. கரும்பலகையில் நடுவே ஒரு கோடு இழுப்பேன். டி.என்.ஏ. இரட்டை இழை, ஆர்.என்.ஏ. ஒற்றை இழை. முன்னது உட்கருவுக்குள் பத்திரமாக இருக்கும், பின்னது அதன் சேதியை நகலெடுத்து வெளியே கொண்டுபோகும். இப்படியே சர்க்கரை, காரம் என்று எழுதிப் போட்டுவிட்டு, இதில் ஒரு எழுத்து மாறினாலும் மார்க் கிடையாது என்று மிரட்டி வைப்பேன்.

அந்த மாதத் தேர்வில் ஒரு மாணவி மாற்றி எழுதியிருந்தாள். கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்த பெண். டி.என்.ஏ.வில் தைமின் என்ற காரம், ஆர்.என்.ஏ.வில் அதற்குப் பதில் யுராசில் என்று எழுதியிருந்தாள். என் பலகையில் இருந்தது நேர் தலைகீழ். பூஜ்யம் போட்டேன். அதோடு விட்டேனா? எழுப்பி நிற்க வைத்து, அம்மணி புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறார் என்று கிண்டல் செய்தேன். வகுப்பே சிரித்தது. நூறு தடவை எழுதும் வரை உள்ளே வராதே என்றேன். இரண்டு நாள் வாசலில் நின்றாள். மூன்றாம் நாள் ஊருக்கே போய்விட்டாள். பொதுத்தேர்வுக்கு ஆறே மாதம்.

அதே வாரம் மறியல் வலுத்தது. மரங்களை வெட்டிச் சாலையில் சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை, பள்ளியும் இல்லை. அறையில் பொழுது போகாமல், மூன்று வருஷத்தில் முதல் தடவையாகப் பாடப்புத்தகத்தைப் புரட்டினேன். அவள் எழுதியதுதான் இருந்தது. அச்சுப் பிழை என்று முதலில் புத்தகத்தைத் திட்டினேன். பெட்டியின் அடியிலிருந்து என் கல்லூரிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அதிலும் அப்படியே. நான் அவசரத்தில் எடுத்து வைத்த குறிப்பில்தான் அந்த ஒரு வரி இடம் மாறியிருந்தது. மூன்று வருஷப் பிள்ளைகள்!

சைக்கிளை எடுத்துக்கொண்டு அவள் ஊரைப் பார்த்துக் கச்சிராயபாளையம் சாலையில் கிளம்பினேன். வழியில் ஒரு புளியமரம் குறுக்கே கிடந்தது. மறியல் செய்தவர்கள் மறித்துக்கொண்டார்கள். மாணவி ஒருத்தியின் மார்க்கைத் தப்பாகப் போட்டுவிட்டேன், படிப்பை விட்டுவிட்டாள், போய்ச் சொல்ல வேண்டும் என்று உண்மையைச் சொன்னேன்.

"படிப்பு மேட்டரா? அதுக்குத்தான் சார் நாங்களும் ரோட்டுல குந்திக்கினு கீறோம்" என்று ஒருவர் சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்.

அவள் அப்பாவோடு மரவள்ளிக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். "வெளியதான் நிக்கணும்னா இங்கியே நிக்கட்டுமே சார்" என்றார் அப்பா. நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை.

அவளிடம், தப்பு என்னுடையது, நீ எழுதியதுதான் சரி என்றேன். அழுவாள் என்று நினைத்தேன்.

"தெரியுங்க சார்" என்றாள். "கிளாசுல எல்லாருக்கும் தெரியும். உங்க பரிச்சைக்கு ஒண்ணு, கவுருமென்ட் பரிச்சைக்கு ஒண்ணுன்னு ரெண்டு விதமா படிச்சி வச்சிக்கினு இருக்காங்க. போன வருசத்து அக்காங்களே சொல்லிட்டுப் போனாங்க."

அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். அன்று அவளைப் பார்த்துச் சிரித்தவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது!

"அப்புறம் நீ மட்டும் ஏம்மா மாத்தி எழுதின?"

"லீவுக்கு வந்தா கொல்லை வேலை சார். ரெண்டா படிக்க எனக்கு நேரமில்ல. அதான் சரியா இருக்கறத மட்டும் படிச்சேன்."

வாசலில் இனி நான்தான் நிற்க வேண்டும் என்று அவள் அப்பாவிடம் சொன்னேன். அப்போதுதான் அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பஸ் ஓட ஆரம்பித்த அன்று அவளை அவரே கொண்டுவந்து விட்டார்.

அன்று வகுப்பில் பழைய அட்டவணையை மறுபடி எழுதி, அந்த வரியை எல்லோர் முன்னாலும் அழித்துத் திருத்தினேன். நான் எழுதியது தப்பு, உங்கள் நோட்டில் மாற்றிக்கொள்ளுங்கள் என்றேன். நாற்பது பேரில் ஒருவர்கூடப் பேனாவை எடுக்கவில்லை.

ஓய்வு பெற்றுப் பல வருஷமாகிறது. இன்றைக்கும் நான் சொல்வதற்கு யாராவது மறுபேச்சில்லாமல் தலையாட்டினால் உடனே போய்ப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிடுகிறேன்.