எண்பது சைஸ் கோல்கீப்பர்

என் தங்கை முத்துப்பேச்சி வென்றவற்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பனியன் கம்பெனிகளின் ஹாக்கிப் போட்டியில், எட்டு அணிகளில் எட்டாவதாகக் கிடந்த அணிக்கு மூன்றாம் இடம். அனுப்பர்பாளையத்தில் செய்த பித்தளைக் கோப்பை ஒன்று, உயரம் பதினொன்றரை அங்குலம். பிரஷர் குக்கர் ஒன்று, வெயிட் இல்லை. பள்ளிக்கூடமே போகாதவள், பனியனில் ஓட்டை, தையல் பார்க்கும் செக்கிங் வேலையையும் விடாமல் இவ்வளவும் வென்றாள்.

கோவில்பட்டிப் பக்கம் எங்கள் வீடு ஹாக்கி மைதானத்தை ஒட்டி இருந்தது. பந்து எங்கள் கூரையில்தான் விழும். ஆட்டம் அவளுக்கு அப்படிப் பழகியது. பிழைக்க வந்த திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களை வேடிக்கை பார்க்கப் போவாள். பார்ப்பதோடு நிற்காமல் கத்துவாள். கத்தியதெல்லாம் சரியாக இருந்ததால், 2007இல் இரண்டு முதலாளிகள் அவளை மேனேஜராகக் கூப்பிட்டார்கள். ஆட்டத்துக்கென்றே ஆளெடுத்துச் சம்பளம் கொடுத்தும் தோற்றுக்கொண்டிருந்தவர்கள்.

முதலில் வந்தவர் சாயப்பட்டறை ரத்தினசாமி. ஏழாம் இடத்து அணி.

"ஏனுங்க அம்மிணி, வேன் இருக்குது, புது ஷூ இருக்குது. நீங்க ஆட்டத்தப் பாத்துக்கங்க. ஃபாரத்துல மேனேஜர்னு எங்க மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டுக்குவாருங்க."

தங்கை கைநாட்டுக்காரி, போட்டி விதிப்படி மேனேஜரின் கைநாட்டு செல்லாது. அதனால் அவர் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது.

"ஏண்ணே, நான் பாத்த பீஸுக்கு இன்னொருத்தி சீல் குத்துவாளா?" என்றாள்.

இருந்தாலும் இரண்டு அணிகளையும் பனியனை உள்பக்கம் திருப்பிப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். சாயப்பட்டறை அணியில் அந்த மாப்பிள்ளைதான் கேப்டன். பந்தை யாருக்கும் தரமாட்டார். அவரை மாற்றவும் முடியாது.

"இது துணியிலயே ஓட்டை. ரிஜெக்ட்" என்றாள்.

அடுத்தது பொன்னுச்சாமியின் கம்பெனி அணி, எட்டாம் இடம். கோலில் நின்றவர் எண்பது சைஸ் பனியன் போடும் பொடி ஆள். கால் பேடு இடுப்புவரை வந்தது. அந்தக் கனத்தோடு விழுந்தால் இரண்டு பேர் தூக்கிவிட வேண்டும். நூற்றுப்பத்து சைஸ் மொக்கைச்சாமியோ இடது ஓரத்தில் ஓடி, பாதியில் உட்கார்ந்துவிட்டார்.

"மொதலாளி, இவரு ஏன் அங்க நிக்காரு?"

பொன்னுச்சாமி பெருமையாகச் சொன்னார்: "நம்ம கம்பெனி பனியனுங்க. பேக்கிங் மாதிரியே சின்ன சைஸுல இருந்து வரிசையா ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் அடிச்சமுங்க. ஒண்ணாம் நம்பர் கோல்கீப்பர்னு சொன்னாங்க. எந்தப் பனியன் யாருக்குச் சேருதோ, அந்த எடத்துல நிறுத்திட்டமுங்க."

தங்கை சிரித்து முடிக்கும்வரை அவர் மரியாதையாகக் காத்திருந்தார்.

"துணி நல்லாத்தான் இருக்கு மொதலாளி. கைய எடம் மாத்தித் தச்சிருக்கீங்க. பிரிச்சுத் தச்சாப் போதும்."

"நம்பரத் திரும்ப அடிக்கோணுங்களா?"

"நம்பரு கெடக்கட்டும். ஆள மாத்தி நிப்பாட்டுங்க."

மொக்கைச்சாமி கோலில் போய் நின்றார். பந்து போக இடமே இல்லை.

"அப்ப ஃபாரத்துல யாரு கையெழுத்துப் போடுவா?" என்று கேட்டாள்.

"மேனேஜர் நீங்கன்னா நீங்கதானுங்களே போடோணும்" என்றார் அவர், இதில் என்ன சந்தேகம் என்பதுபோல.

ஃபாரம் கொடுக்க ஐந்து நாள் இருந்தது. நான் பெயரை எழுதிக் காட்ட, கட்டிங் வேஸ்ட் துணியில் சாக்பீஸால் எழுதிப் பழகினாள். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு துண்டு, நான் எண்ணினேன். செக்கிங்காரி அல்லவா, நான்கைத்தான் பாஸ் செய்தாள்.

போட்டிக் கமிட்டி மேசையில் இருந்தவர் அவளைப் பார்த்ததும் மைப்பெட்டியை நகர்த்தினார்.

"அது வேண்டாம் சார், பேனா குடுங்க."

ஏழெழுத்துக்கு இரண்டு நிமிடம். பின்னால் நின்ற ரத்தினசாமியின் மாப்பிள்ளை இருமினார். எழுதியதைத் தூக்கிப் பிடித்து, வெளிச்சத்தில் பார்த்து, "பாஸ்" என்றாள். பிறகு பக்கத்தில் தேதியையும் என்னிடம் கேட்டு அவளே எழுதினாள்: 12.8.2007.