கேமரா எனக்கு, ஆராய்ச்சி அவருக்கு

அடுப்பில் தோசை. போனில் பத்திரிகை ஆசிரியர்.

"மேடம், இனிமே போட்டோவை பிரிண்ட் போட்டுக் கவர்ல அனுப்பாதீங்க. டிஜிட்டலா எடுத்து மெயில்ல போட்டுடுங்க."

'காபியில் சர்க்கரை வேண்டாம்' என்று சொல்வது மாதிரி சாதாரணமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். தோசை கருகியது.

என்னிடம் இருப்பது ஃபிலிம் கேமரா. கல்யாணமான புதிதில் வாங்கியது. குன்னூரில் மனிதர்களைவிடக் கேமராக்களுக்குத்தான் சீக்கிரம் சளி பிடிக்கும். ஜூன் பிறந்தால் லென்ஸுக்குள் பூஞ்சை கோலம் போட்டுவிடும். அதனால் என் கேமராவை, உள்ளே ஜீரோ வாட் பல்பு எரியும் ஒரு தகரப் பெட்டியில், கோழிக்குஞ்சு மாதிரி கதகதப்பாக வளர்த்துவந்தேன். அதைக் கைவிட வேண்டுமா? ரோல் போட்டு, மூச்சைப் பிடித்து, முப்பத்தாறு தடவை மட்டும் அமுக்கிப் பழகிய விரல் இது...

ஆனால் ஆசிரியர் சொல்லிவிட்டார். டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். ஒன்று வாங்குவது என்று முடிவாயிற்று. தபால் ஆபீஸ் சேமிப்பு கைகொடுத்தது. எதை வாங்குவது என்பதுதான் கேள்வி.

"அதை என்ற கிட்ட உட்ரு அம்மிணி," என்றார் என் கணவர்.

என் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அவரைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு — அவர் கட்டபெட்டுப் பக்கம் ஒரு டீ பாக்டரியில் டீ மேக்கர். வாடிய இலையை உள்ளங்கையில் வைத்து அமுக்கிப் பார்த்தே பதம் சொல்வார். பச்சைத் தேயிலை விலை படுத்ததிலிருந்து தோட்டக்காரர்கள் இலை பறிப்பதையே குறைத்துவிட்டார்கள். பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டவில்லை என்றால் யார் பறிப்பார்கள்? பாக்டரி வாரத்தில் இரண்டு நாள் ஓடுகிறது. மற்ற நாட்களில் இவர் வீட்டில். சமையலறை அலமாரியைச் சாமான்களின் உயரவாரியாக அடுக்கிவைத்த நாளிலிருந்து, இவருக்கு வேறு ஏதாவது வேலை கிடைக்காதா என்று நானும் வேண்டாத தெய்வமில்லை.

கேமரா ஆராய்ச்சி வந்தது. வரம் மாதிரி வந்தது.

அவர் தன் வாழ்நாளில் ஒரு போட்டோகூட எடுத்ததில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அதனால் என்ன? பஜாரில் இருக்கும் பிரவுசிங் சென்டருக்குப் போனார். திரும்பி வந்தபோது 'சென்சார்' என்ற சொல்லோடு வந்தார். மறுநாள் 'டைனமிக் ரேஞ்ச்'. அந்த வார இறுதிக்குள் எங்கள் சாப்பாட்டு மேஜையில் கேமரா விளம்பரத் தாள்கள், ருசி பார்க்க வைத்த டீக் கோப்பைகள் மாதிரி வரிசைகட்டி நின்றன.

ஒரு நாள் காலை தட்டில் விழுந்த தோசையை அவர் சாப்பிடவில்லை. கரண்டியால் நடுவில் கட்டமாக வெட்டினார்.

"இதா பாரு. முழுத் தோசை ஃபிலிமு. நடுவுல இருக்கற இந்தக் கட்டந்தான் சென்சாரு. உன்ற பழைய லென்ஸை மாட்டினா, எல்லாமே ஒண்ணரை மடங்கு கிட்ட வந்த மாதிரி தெரியும்."

"மிச்சத் தோசை?"

"லென்ஸு குடுக்கும். கேமரா வாங்கிக்காது."

இருபது வருஷமாகப் படம் எடுக்கிறேன். இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் எதையும் விளக்கியதில்லை. சொன்னால் அவருக்குத் தலைகால் புரியாது என்று சட்னியை மட்டும் அவர் பக்கம் நகர்த்தினேன்.

சரி, எந்தக் கேமரா? அங்கேதான் சிக்கல். ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். நான் பையை எடுப்பேன். அவர் உட்கார்ந்துவிடுவார்.

"இது வேண்டாம். வெளிச்சம் கம்மியா இருந்தா படத்துல புள்ளி புள்ளியா வருதாமா."

இன்னொன்று?

"பின்னாடி திரை நெம்பச் சின்னது."

மூன்றாவது?

"குளுருல பேட்டரி சீக்கிரமா எறங்கிருதுன்னு ஒருத்தன் எழுதியிருக்கறான்."

"யாருங்க எழுதினது?"

"நார்வேக்காரன்."

"ஏனுங்க, குன்னூர் என்ன நார்வேயா?"

"டிசம்பர்ல வந்து பாக்கச் சொல்லு அவனை."

இதற்கிடையில் என் பத்தி படமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. நம்ம ஊர் மலை ரயிலைப் பற்றி எழுதினேன். பத்திரிகைக்காரர்கள் கையில் கிடைத்த டார்ஜிலிங் ரயிலைப் போட்டார்கள். வெலிங்டனிலிருந்து ஒரு வாசகர் போன் செய்து, 'அம்மா, நம்ம ரயில் எப்பங்க அங்க ட்ரான்ஸ்பர் ஆச்சு?' என்று கேட்டார். கடைசியில் ஆசிரியரே கூப்பிட்டார். இன்னும் ஒரு வாரம் பார்ப்பாராம். படம் வரவில்லையென்றால் அந்த இடத்தை ராசிபலனுக்குக் கொடுத்துவிடுவாராம்.

எனக்குக் கோபம் வந்தது. அன்று காலை இரண்டில் ஒன்று கேட்டுவிடுவது என்று கூடத்துக்கு வந்தேன்.

அவர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். முகம் வழித்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. கையில் குடை. பாக்டரிக்குப் போகிற நாளில் எப்படிக் கிளம்புவாரோ அப்படியே. அன்று பாக்டரி இல்லை.

"எங்கீங்க?"

"பிரவுசிங் சென்டருக்கு. நேரமாயிருச்சு. லேட்டாப் போனா நல்ல மிஷினை எவனாவது புடிச்சுக்குவான்."

வேகமாக இறங்கிப் போனார். நான் அங்கேயே நின்றேன். வேலைக்குப் போகிறவர் மாதிரி அல்லவா போகிறார்! கேமரா கிடைத்துவிட்டால் நாளைக் காலை இந்த மனிதர் யாருக்காக முகம் வழிப்பார்? கேட்க வந்த கேள்வியைக் கேட்கவில்லை.

ஆனால் ராசிபலன்காரர் காத்துக்கொண்டிருக்கிறாரே? சனிக்கிழமை இருவருமாகக் கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினோம். "சும்மா கையில புடிச்சுப் பாத்துட்டு வரலாமுங்க," என்றுதான் கூட்டிப்போனேன்.

பெரிய கடை. டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் எங்களை வரவேற்று, நேராக என் கணவரிடம் போனார். என்னைப் பார்த்து, "மேடம், உக்காருங்க. கூல் டிரிங்க்ஸ்?" என்றார். கேமரா எனக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இவர் ஆரம்பித்துவிட்டார். விற்பனையாளர் ஒரு குறிப்பைச் சொல்ல, இவர் அதைத் திருத்த, அவர் டப்பாவைத் திருப்பிப் பார்த்து, "ஆமாங் சார்..." என்று இழுத்தார். மூன்றாவது திருத்தத்தில் விற்பனையாளர் மெல்ல நழுவிப்போனார்.

நான் நிம்மதியாகக் கேமராக்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்க்க ஆரம்பித்தேன். ஒன்று கனம். ஒன்றில் விரல் பொத்தானுக்கு எட்டவில்லை. மூன்றாவது கைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. கட்டைவிரல் தன் இடத்தைத் தானே கண்டுபிடித்தது. அது நார்வேக்காரன் தள்ளுபடி செய்த கேமரா.

அப்போது பொள்ளாச்சிக்காரர் ஒருவர் உள்ளே வந்தார். வெள்ளை வேட்டி. நேராக என் கணவரிடம் போனார்.

"ஏனுங்க, பொள்ளாச்சியில இருந்து வர்றனுங்க. பேரனுக்குக் காது குத்து. கோயிலுக்குள்ளார. நல்ல கேமராவாக் காட்டுங்க."

கடைக்காரர் என்று நினைத்துவிட்டார். இவர் மறுப்பார் என்று பார்த்தேன். மறுக்கவில்லை!

"கோயிலுக்குள்ள வெளிச்சம் கம்மிங்க," என்றார். "குழந்தை வேற அழுகும், ஆடும். ஒரு எடத்துல நிக்குமுங்களா? அமுக்கினா டக்குனு விழோணும். நீங்க எடுப்பீங்களா, மகன் எடுப்பாருங்களா?"

"நான்தானுங்க. கண்ணுதான் கொஞ்சம் மங்கல்."

"அப்ப வெரட்டி வெரட்டி ஃபோகஸ் பண்ற வேலையே வேண்டாமுங்க. அதுவே பண்ணிக்கற மாதிரி ஒண்ணு இருக்குது, வாங்க..."

கைகள் பறந்தன. பொள்ளாச்சிக்காரரின் உள்ளங்கையைப் பிடித்து, அதில் கட்டம் வரைந்து சென்சார் காட்டினார். நல்லவேளை, தோசை இல்லை. இரண்டு பேர் சுற்றி நின்று கேட்டார்கள். நழுவிய விற்பனையாளரும் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் கையிலிருந்த கேமராவைத் தூக்கி அமுக்கினேன்.

ஃபிலிமாக இருந்தால் ரோல் முடிய வேண்டும், கழுவி வர வேண்டும். இது உடனே பின்னால் காட்டியது. சின்னத் திரையில் ஒரு மனிதர். புருவம் தூக்கி, வாய் பாதி திறந்து, சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும் அவசரத்தோடு. தேயிலை விலை படுத்தது முதல் நான் பார்க்காத முகம். பாக்டரி வாரம் முழுக்க ஓடிய காலத்தில், சாயங்காலம் வந்து அன்றைய டீயைப் பற்றிப் பேசுவாரே, அந்த முகம். இத்தனை மாதம் அது எங்கே போயிருந்தது? எங்கேயும் போகவில்லை. கேட்க ஆளில்லாமல் இருந்திருக்கிறது.

"இதைக் குடுங்க," என்றேன் விற்பனையாளரிடம்.

"சார்கிட்டக் கேக்க வேண்டாமுங்களா?"

"சார் பிஸியா இருக்கறாருங்க."

பொள்ளாச்சிக்காரர் பெட்டியோடு போனார். போகும்போது, "உங்க கடை நல்லா வரோணுமுங்க," என்று இவரை வாழ்த்திவிட்டுப் போனார். கடை முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்து இவர் கையைக் குலுக்கினார். அப்புறம்தான் இவர் என் கையிலிருந்த பையைப் பார்த்தார்.

"வாங்கிட்டியா?"

"வாங்கிட்டனுங்க."

"எது?"

சொன்னேன். நார்வேயைப் பற்றி ஏதோ சொல்ல வந்தார். சொல்லவில்லை. "ம்ம்... நல்ல கேமராதான்," என்றார்.

மேட்டுப்பாளையம் தாண்டி பஸ் மலையேறியது. பர்லியாரில் டீ குடிக்க நிறுத்தினார்கள். இவர் வாயில் ஊற்றிய முதல் மடக்கிலேயே முகம் சுளித்தார். வழக்கமாக அந்த டீயின் குலம் கோத்திரமெல்லாம் சொல்வார். அன்று பேசாமல் குடித்தார். வளைவு வளைவாக ஏறும்போது ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். மடியில் கைகள் சும்மா கிடந்தன. நாளைக்கு ஞாயிறு, சமாளிக்கலாம். திங்கட்கிழமை?

"ஏனுங்க," என்றேன். "இதுகூடக் குடுத்திருக்கற லென்ஸ் பத்தாதாட்ட இருக்குது. தனியா ஒண்ணு வாங்கோணும். எது நல்லதுன்னு பாக்கறீங்களா?"

திரும்பினார்.

"அவசரமா வேணுமா?"

"அவசரமெல்லாம் இல்லீங்க. நல்லா விசாரிச்சு, நிதானமா..."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். இந்த மனிதர் இலையை அமுக்கிப் பார்த்தே பதம் சொல்கிறவர் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"உனக்குப் பொய் சொல்ல வராது அம்மிணி," என்றார்.

பஸ் ஒரு வளைவில் திரும்பி எங்கள் இரண்டு பேரையும் ஒரே பக்கமாகச் சாய்த்தது. நிமிர்ந்து உட்கார்ந்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி. ஆளுகளை எடுக்கறதுக்கா, இல்ல பறவைகளை எடுக்கறதுக்கா? அதை மொதல்ல சொல்லு. பறவைக்குன்னா நெம்ப நாள் பாக்கோணும். லேசுல முடியாது."

"பறவைக்குத்தானுங்க," என்றேன்.

இதுவரை நான் ஒரு காக்காயைக்கூடப் படம் எடுத்ததில்லை.