பதின்மூன்று காலனி

ஈரம் ஊறிய கெட்டித்தாளில் சாம்பிராணிப் புகை படிந்தால் எழும் மணத்துக்குப் பெயர் கிடையாது. பாதி கோயில், பாதி பூஞ்சை, நடுவில் எங்கோ கொஞ்சம் பசை. போன மாதம் மதுரையில் ஒரு பழைய நூலகத்தில், பூச்சிக்காக யாரோ புகை போட்டிருந்த அறைக்குள் கால் வைத்ததும் அந்த மணம் முகத்தில் வந்து மோதியது. நான் அங்கேயே நின்றுவிட்டேன். காதுக்குள் அருவி விழுந்தது. அருவியின் இரைச்சலுக்கு மேலே இரண்டு பெண்கள் தொண்டை கிழிய அமெரிக்காவின் சரித்திரத்தைக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

அறுபதுகளின் நடுவில் ஒரு சாரல் காலம். எனக்குப் பதினொரு வயது. என் அக்கா செண்பகமும், பாளையங்கோட்டைக் கல்லூரி விடுதியில் அவளோடு ஓரறையில் இருந்த ராஜமும், பி.ஏ. சரித்திரத்தில் எல்லாத் தாள்களையும் தாண்டி ஒரே ஒரு தாளில் தவறிப்போய்த் தென்காசிக்குத் திரும்பியிருந்தார்கள். குடியேற்றக் காலம் முதல் இக்காலம் வரையிலான அமெரிக்க வரலாறு. பாடம் நடத்திய அம்மையார் வருஷத்தின் நடுவில் கல்யாணமாகிப் போய்விட்டதால், பாதி அமெரிக்கா நடத்தப்படாமலே நின்றுவிட்டது. இனி செப்டம்பர் பரீட்சை. இருவருக்கும் சேர்த்து ஒரே புத்தகம்; திருநெல்வேலி ஜங்ஷனில் பழைய புத்தகக் கடையில் கிடைத்த, செங்கல் கனத்து ஆங்கிலப் புத்தகம்.

அந்த ஒற்றைத் தாள் அக்காவுக்கு ஒரு பட்டம். ராஜத்துக்கு அது வேறு. அவள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் அவள். தேறினால் வாத்தியார் வேலை. தேறாவிட்டால் அவளுடைய ஐயாவோடு ரோட்டு வேலைக்கு ஜல்லி சுமக்க வேண்டும். அதை அவளே சிரித்துக்கொண்டே சொல்வாள்.

தினமும் காலை பத்து மணிக்கு ராஜம் எங்கள் வீட்டுக்கு வருவாள். சாரலில் எதுவும் காயாத நாட்கள் அவை. தலைமுடியும் ஈரத்துணியும் உலர்த்துகிற மூங்கில் பஞ்சாரக் கூடைக்கு அடியில் சாம்பிராணி போட்டு, மேலே துணிகளுக்குப் பதிலாக அமெரிக்காவை விரித்து வைத்திருப்பாள் அக்கா. ஒருத்தி ஆங்கிலத்தில் வாசிக்க, இன்னொருத்தி அதைத் தமிழில் திருப்பிச் சொல்லவேண்டும், அதுதான் அவர்களுடைய படிப்பு முறை. பல்லாங்குழியை வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்த எனக்கு இப்படித்தான் ஒரு தேசமே காதுவழியாக வந்து சேர்ந்தது. கப்பலேறி ஒரு கூட்டம் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டியதை அவர்கள் "டீ பார்ட்டி" என்றார்கள். எங்கள் பள்ளியில் தலைமையாசிரியர் ஓய்வுபெற்றபோது ஒரு டீ பார்ட்டி நடந்திருந்தது. "மிக்சர் குடுத்தாங்களாக்கா?" என்று கேட்டேன்.

"மிக்சரும் கிடையாது, லட்டும் கிடையாதுட்டி," என்றாள் ராஜம். "கோவத்துல கடலையே டீயாக்கிட்டானுவ. சீனிதான் போட மறந்துட்டானுவ."

அவள் அப்படித்தான். அக்கா வருஷங்களை மனப்பாடம் செய்வாள். ராஜம் ஆட்களை மனப்பாடம் செய்வாள். பருத்திக் காட்டில் விற்கப்பட்ட அடிமைகளைப் பற்றிய அத்தியாயம் வரும்போது மட்டும் அவள் குரல் தட்டையாகிவிடும், பஸ் நேரம் வாசிப்பதுபோல.

ஒருநாள் ராஜத்துக்குக் காய்ச்சல். அக்கா புத்தகத்தைப் புடவைத் தலைப்பில் மூடிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள். மேலகரம் தாண்டி, வயல் வரப்பில் இறங்கி, ஓடைக்கு அந்தப்புறம், சர்க்கார் கட்டிக்கொடுத்த ஓட்டு வீடுகள் இரண்டு வரிசை. "காலனி." எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். ஊர் தன்னோடு சேர்த்துக்கொள்ளாதவர்களின் தெரு. ராஜத்தின் அம்மா எனக்குக் கருப்பட்டித் துண்டு கொடுத்தாள். திரும்பி வரும்போது, வீட்டில் சொல்லாதே என்று அக்கா சொல்லவில்லை. அப்படிச் சொன்னால், சொல்லக்கூடாதது ஒன்று அதில் இருப்பதாக எனக்குக் கற்றுக்கொடுத்ததாகிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ. வீட்டிலோ அவள் ராஜத்தைப் பற்றிச் சொல்லிவைத்திருந்தது, "மேலகரம் பக்கம், அவ அப்பாவுக்குச் சர்க்கார் ரோட்டு வேலை" என்று மட்டும். அதில் பொய் ஒரு சொல்லும் இல்லை.

காய்ச்சல் விட்டு ராஜம் வந்த அன்று, புத்தகத்தின் முதல் அத்தியாயத்தைத் திரும்ப எடுத்தார்கள். பதின்மூன்று காலனிகள் ஒன்றுசேர்ந்து இங்கிலாந்து ராஜாவை எதிர்த்துச் சண்டை போட்ட கதை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"உங்க காலனி மாதிரியாக்கா?"

அக்கா நிமிர்ந்து, "ஏட்டி, அது வேற..." என்று தொடங்கினாள். ராஜம் அவள் கையைப் பிடித்து அமர்த்தினாள்.

"இருக்கட்டும் விடு. ஆமாட்டி, எங்க காலனி மாதிரிதான். ஒண்ணு ரெண்டு இல்ல, பதிமூணு."

அந்தப் பதின்மூன்றையும் நான் மனசுக்குள் கட்டினேன். ஓட்டு வீடுகள், ஓடை, கருப்பட்டி தரும் அம்மாக்கள். அவர்கள் எல்லோரும் சேர்ந்து ராஜாவின் சிவப்புச் சட்டைப் பட்டாளத்தை விரட்டுகிறார்கள். இவ்வளவு பெரிய செய்தியை ஒரு பதினொரு வயது வாய் எத்தனை நாள் தாங்கும்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அப்பாவோடு சாப்பிட உட்கார்ந்தபோது பெருமையாக அவிழ்த்துவிட்டேன்.

"அப்பா, அமெரிக்காவுல பதிமூணு காலனி சேந்து ராஜாவையே ஜெயிச்சிட்டாங்களாம். நம்ம ராஜக்கா காலனி மாதிரி."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. "அட கோட்டிக்காரி, அந்தக் காலனி வேற, இந்தக் காலனி..." என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்லி வந்தவருடைய விரல்கள் அப்படியே நின்றன.

"எந்த ராஜக்கா?"

அவர் சத்தம் போடவில்லை. பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவிவிட்டுக் கடைக்குப் போனார். அம்மா அடுக்களையில் ஆறு எவர்சில்வர் டம்ளர்களையும் வரிசையாக வைத்துக்கொண்டு, "இதுல எதுல குடிச்சாளோ, எல்லாம் ஒண்ணுபோல இருக்கே" என்று முனங்கினாள். கடைசியில் ஆறையும் புழக்கடைச் சாம்பலில் போட்டுத் தேய்த்தாள். அழுதுகொண்டே தேய்த்தாள். அம்மாவுக்கும் ராஜத்தைப் பிடிக்கும்.

மறுநாள் பத்து மணிக்கு வாசலுக்கு முந்திப் போய் நின்றது அப்பாதான். "செண்பகத்துக்கு இனி வீட்டுல படிக்கதுக்கு நேரமில்லம்மா" என்று மட்டும் சொன்னார். ராஜம் அவரைப் பார்த்தாள், பின்னால் நின்ற அக்காவைப் பார்த்தாள், குடையை விரித்துக்கொண்டு போனாள்.

அக்கா அன்று சாப்பிடவில்லை. அருவாமணையை எடுத்து வைத்து உட்கார்ந்தாள். உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைகளுக்கு விடுதலை என்று எழுதிய பக்கத்தில் புத்தகத்தைப் பிளந்து, நூலையும் பசையையும் அறுத்து, செங்கலை இரண்டாக்கினாள்.

அப்பா வரமுடியாத இடம் ஒன்று உண்டு. குற்றாலத்து மெயினருவியில் பெண்கள் பக்கம். வெள்ளிக்கிழமைதோறும் அக்கம்பக்கத்துப் பெண்களோடு எண்ணெய்க் குளியலுக்குப் போக எங்களுக்குத் தடை இல்லை. அங்கே ராஜம் வந்து நிற்பாள், முதல் வெள்ளியே அக்கா கொடுத்த, மெழுகுத்துணியில் சுற்றிய முற்பாதியோடு. அருவியில் மட்டும் யாரும் தெரு கேட்பதில்லை. கேட்டாலும் அந்த இரைச்சலில் காதில் விழாது. தலையில் சீயக்காயோடு பாறையைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தி கேள்வி கேட்பாள், இன்னொருத்தி பதில் கத்துவாள். "போருக்குப் பொறவு தெக்க என்ன நடந்துச்சு?" "விடுதலைன்னு சொல்லிட்டு ஓட்டுப் போட விடல!" பக்கத்தில் குளித்தவர்கள் இரண்டு பெண்கள் சண்டை போடுவதாக எண்ணி விலகிப் போனார்கள். நான் ராஜத்தின் முகத்தைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவளுக்குத் தெரியுமா, தெரியாதா என்பதே எனக்கு அந்த மாதங்களின் ஒரே கேள்வி.

பரீட்சைக்கு முந்தைய இரண்டு வெள்ளிகளில் பாதிகளை மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. பிற்பாதி ராஜத்தின் கைக்குப் போகவேண்டும். முதல் வெள்ளி மலையில் கனமழை. அருவி செம்மண்ணாக விழுந்தது. போலீஸ்காரர் கயிறு கட்டி எல்லோரையும் திருப்பி அனுப்பினார். அடுத்த வெள்ளியும் அதே வெள்ளம். வீட்டில் பிற்பாதியை மடியில் வைத்துக்கொண்டு அக்கா என்னைப் பார்த்தாள். என் கையில் கொடுத்தனுப்பலாம், ஓடையைத் தாண்டினால் போதும். நான் எழுந்துகூட நின்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் புத்தகத்தை மூடினாள். என் காலை அவள் நம்பினாள், வாயை நம்பவில்லை.

பரீட்சையில் அக்கா தேறினாள். ராஜம் தேறவில்லை. பெரிய கேள்விகள் பாதிக்கு மேல் போருக்குப் பிந்திய காலத்திலிருந்து வந்திருந்தன.

இரண்டு மாதம் அவள் ஐயாவோடு ரோட்டு வேலைக்குப் போனாள் என்று கேள்விப்பட்டோம். பிறகு பட்டாளத்தில் இருந்த அவள் அண்ணன் பூனாவுக்கு வரச்சொல்லி எழுதினான். அடுத்த ஏப்ரலில் அங்கிருந்து வந்து பரீட்சை எழுதித் தேறியதாகவும், வேலை கிடைத்ததாகவும் பின்னால் அக்காவுக்கு ஒரு அஞ்சலட்டை வந்தது. அதோடு சரி.

இப்போது தென்காசியில் நான் பார்த்து வளர்ந்த, கோயிலின் பிளந்த கோபுரம் இல்லை, புதுக்கோபுரம் நிமிர்ந்து நிற்கிறது. ஓடையைத் தூர்த்துவிட்டார்கள். ஓட்டு வீடுகள் போய்விட்டன, அங்கே இருந்தவர்களின் பிள்ளைகள் எங்கெங்கோ. ஊரைச் சுற்றிக் காசுள்ளவர்கள் மனை போட்டு, வளைவு வைத்து, தங்கள் தெருவுக்கு ஆசையாகக் "காலனி" என்று பலகை மாட்டுகிறார்கள். அந்தச் சொல்லால் ஒருத்தியின் வாசலை அடைத்தவள் நான் என்பது அந்தப் பலகைகளுக்குத் தெரியாது.

ராஜம் பூனாவுக்குக் கிளம்பிய நாள், பள்ளிக்கூடப் பைக்குள் அக்காவின் பாதிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ரயிலடிக்கு ஓடினேன். அவள் கை முழுக்க ஜல்லிக் காயங்கள். புத்தகத்தை வாங்கித் தகரப் பெட்டியில் மற்றப் பாதியின் மேல் வைத்தாள். வண்டிக்கு மணி அடித்தாயிற்று.

"நான்தான்க்கா அப்பாட்ட சொன்னேன்."

"தெரியும்லா," என்றாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியில் ஏறித் திரும்பினாள். சிரிக்கவில்லை, கோபமும் இல்லை. "நீ பொய் சொல்லலியேட்டி. எங்க தெருவைத்தான சொன்ன. மறைச்சது நானும் உங்க அக்காவும். இனிமே ராஜம் எந்தத் தெருன்னு யாரு கேட்டாலும் மொதல்லயே சொல்லிரு. அந்த வாசப்படி ஏறணுமா வேண்டாமான்னு நான் பாத்துக்கிடுதேன்."