மட்டத்தேளும் என் முதுகெலும்பும்

ஈரம் காயாத றப்பர் சப்பாத்தின் அந்த நாற்றம் இப்போதும் மூக்கில் இருக்கிறது... வயலுக்குப் போகக் காலை உள்ளே விட்டேன். விரலிடுக்கில் ஏதோ ஊர்ந்தது.

அடுத்த நொடி, உட்கார்ந்திருந்த கதிரைக்கு மேலே நின்றேன். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வளவு நாயும் குரைத்தது. சிரிக்காதீர்கள்.

சப்பாத்துக்குள்ளால் வந்தது ஒரு மட்டத்தேள், பூரான் சாதி. சோடி சோடியாய்க் கால்கள்.

அந்த நாட்களில் வீட்டில் ஒரே பிரச்சினைதான். மகளுக்கு உயிரியல் படிக்கக் கம்பஸ் கிடைத்திருந்தது. எனக்கோ நெல் மூடை தூக்கி முதுகு பிடித்துவிட்டது. "அப்பாவுக்குச் சுகம் வரட்டும், பிறகு பாப்பம்" என்று பெட்டியை அடுக்காமலே இருந்தாள். கம்பஸ் அவளுக்காகக் காத்திருக்குமா?

சத்தம் கேட்டு மகள்தான் தேங்காய்ச் சிரட்டையோடு ஓடி வந்து மட்டத்தேளை அள்ளினாள்.

"பயப்பிடாதேங்கோ அப்பா. வடிவாப் பாருங்கோ, ஒரே மாதிரித் துண்டு திரும்பத் திரும்ப. துண்டுக்கு ஒரு சோடிக் கால். முன்னால இருக்கிற சோடிதான் நாள்பட நஞ்சுப் பல்லா மாறினது."

"காலே கடிக்குதோ?"

"ஓம். இறாலின்ர வாயில இருக்கிறதும் ஒருகாலத்தில கால்தான். ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு வேலை பழகிட்டுது. உங்கட முதுகெலும்பும் துண்டு துண்டுதானே."

"அப்ப நானும் இவரும் சொந்தமோ?"

"தூரத்துச் சொந்தம். ஆனா இந்தத் துண்டுக் கதை ரெண்டு பேருக்கும் ஒரே மூதாதையிட்ட இருந்து வந்ததோ, தனித்தனியா வந்ததோ எண்டு படிச்ச ஆக்கள் இன்னும் சண்டை பிடிக்கினம்."

"எங்கட காணிச் சண்டை மாதிரி" என்றேன், கதிரையில் நின்றபடியே.

குசினிக்குள் சமையலில் இருந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "முதுகு நோகுது எண்டு முனகின மனுசன் ஏறி நிக்கிற இடத்தைப் பார் பிள்ளை!"

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பாவுக்குச் சுகம் வந்திட்டுது அம்மா. அப்ப நான் போறன்."

அன்று பின்னேரமே பெட்டி அடுக்கினாள்.

இப்போது லீவுக்கு வருவாள், வந்த வேகத்தில் கிளிநொச்சியில் திரும்பவும் கம்பஸுக்குப் பஸ் ஏறிவிடுவாள். முன்பு விடிந்தால் வீடு முழுக்கக் கூச்சல்... இப்போது நான் சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டுகிற சத்தம் மட்டும்.

மட்டத்தேள் விழுந்தால் போனில் சொல்லுவேன். "கதிரையில ஏறினியளோ?" என்று கேட்டுச் சிரிப்பாள். "ஓம் பிள்ளை, பாய்ஞ்சு ஏறினனான்" என்பேன்.

ஒன்றை மட்டும் இன்றுவரை சொல்லவில்லை. அன்று பாடம் முடியும்வரை நான் கதிரையில் நின்றது ஆர்வத்தில் இல்லை... முதுகு விடவில்லை, இறங்க முடியவில்லை. அவள் சிரட்டையோடு வேலிப் பக்கம் போன பிறகுதான், அலுமாரியைப் பிடித்துப் பிடித்துக் கீழே வந்தேன்.