வாகிமினின் முதுகு

தோல் சிகிச்சைப் பிரிவில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியதில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. ஆளின் முகத்தைப் பார்க்கும் முன் தடிப்பு எங்கே இருக்கிறது என்று பார்ப்பேன். விரல் நுனி வெடித்திருந்தால் தலைமுடிக்குச் சாயம் போடும் பெண். காது மடலில் புண் என்றால் மலிவுக் கம்மல். மணிக்கட்டுக்கு மேலும் சிவந்திருந்தால் பத்திக் துணிக்குச் சாயமேற்றும் தொட்டியில் கைவிடுகிறவள். இரண்டு கையும் பாளம் பாளமாக வெடித்திருந்தால் சிமெண்ட், கேட்கவே வேண்டாம்.

வெடித்த கைகளோடு வந்த வாகிமினையும் அப்படித்தான் நினைத்தோம். எங்கள் சோலோ நகரில் தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிற கொத்தனார். தான் போட்ட தரையில் கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்திலேயே நிற்கும் என்று அவரே சொல்லிக்கொள்வார். வேறு வேலை தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது.

"சிமெண்ட்டுதான்னு வந்துட்டா என்ன பண்றதுங்க?" என்று கேட்டார்.

"வேற வேலை பாக்கணும்," என்றார் டாக்டர் ரெத்னோ. அந்த அம்மாவுக்குப் பூசி மெழுகத் தெரியாது.

வாகிமினின் முகம் சுண்டிப்போயிற்று. "இந்த வயசுல நான் என்ன, ஐஸ் விக்கப் போறதா?"

அவர் முதுகில் சோதனைப் பட்டிகளை ஒட்டினேன். சிமெண்டில் இருக்கும் குரோமியம், ரப்பர், சாயம் என்று ஒவ்வொரு பொட்டிலும் ஒன்று. எதற்கடியில் சிவக்கிறதோ அது அவருக்கு ஆகாது. இரண்டு நாள் முதுகு நனையக் கூடாது, சொறியக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேன்.

திரும்பி வந்து சட்டையைக் கழற்றினார். முதுகெலும்பிலிருந்து இரண்டு பக்கமும் வரிவரியாகச் சிவப்புக் கோடுகள். பட்டிகள் பாதி உரிந்து தொங்கின.

"குளிக்காம கெடந்தாரா, உடம்புல காத்து பூந்துடுச்சு," என்றார் கூட வந்த மனைவி சுகினெம். வாகிமின் அவரை 'நெம்' என்றுதான் கூப்பிடுவார். "தைலம் தடவி, காசால சொரண்டி விட்டேன். பட்டிய நான் தொடவே இல்ல சிஸ்டர், சுத்தித்தான் சொரண்டினேன்."

"வரப்ப விட்டுட்டு உழுத மாதிரியா?"

"ஆமா," என்றார், பெருமையாக.

எப்படித் திட்டுவது? என் வீட்டிலும் உடம்புக்கு முடியவில்லை என்றால், காற்றை வெளியேற்ற முதுகைச் சுரண்டிவிட முதலில் தேடுவது ஒரு நாணயத்தைத்தான்.

டாக்டர் மட்டும் கோடுகளை விரலால் தடவிக்கொண்டிருந்தார். காசு கீறிய சிவப்பு தட்டையாக இருக்கும், தானே மங்கிவிடும். இது தடித்து, பொடிப்பொடியாக நீர் கோத்திருந்தது.

"அந்தத் தைலம் எங்க வாங்குனீங்க?"

"எதுக்கு வாங்கணும்? நானே காய்ச்சுறேன். கிராம்பு எண்ணெய், பட்டை எண்ணெய், மெழுகு. வேலை விட்டு வந்ததும் தினம் அவர் கையில நான்தான் தேச்சு விடுவேன். கல்யாணம் ஆனதுலேருந்து."

முதுகு ஆறியதும் மறுபடி சோதனை. இம்முறை தைலத்துக்கும் ஒரு பொட்டு வைத்தோம். காற்று என்ன, புயலே புகுந்தாலும் காசைத் தொடக் கூடாது என்று மிரட்டி அனுப்பினேன்.

குரோமியம் வைத்த இடம் வெறும் தோலாக இருந்தது. தைலம் வைத்த இடம் கொப்புளித்துக் கிடந்தது.

"அப்ப நான் தரை போடலாமா?" வாகிமின் குதிக்காத குறைதான்.

"கையுறை போட்டுக்கிட்டுப் போடுங்க. தைலம் மட்டும் கூடாது."

சுகினெம் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "வெடிப்பு கூடக் கூட நான் இன்னும் அழுத்தித்தானே தேச்சேன்," என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கம்மலைக் கழற்று, சாயத்தை விடு என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். இந்த அம்மாவுக்கு என்ன சொல்ல?

தைலத்துக்குப் பதிலாக டாக்டர் வாசனை சேர்க்காத வாசலின் டப்பாவை நீட்டினார். சுகினெம் முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். வாகிமின் தன் கையை மனைவியின் மடியில் வைத்தார். சுகினெமும் ஒரு துளி எடுத்தார். பட்டும் படாமலும், சுடுபாத்திரத்தைத் தொடுவதுபோல் தொட்டார்.

"என்ன நெம் இது," என்றார் வாகிமின். "எப்பவும்போல நல்லா அழுத்து."