நான் அடைத்த துளை

எங்கள் காருக்கு என்னைவிட வயது அதிகம். எழுபதுகளில் ஜப்பானில் செய்தது. அண்ணனும் நானும் ஆளுக்குப் பாதி போட்டு வாங்கி, உலு திராம் வீட்டு முன்னால் நிறுத்தியிருந்தோம். தினமும் ஓட்டுவது அண்ணன். நோண்டுவது நான்.

செனாயில் ஒரு தொழிற்சாலையில் எனக்குக் கசிவு பார்க்கிற வேலை. எங்காவது ஒரு சொட்டு விழுந்தால் எனக்குப் பொறுக்காது. காரின் தண்ணீர் பம்புக்கு அடியில் ஊசி நுழையும் அளவு ஒரு துளை இருந்தது, அதிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. இரும்பு ஒட்டும் பசையைக் குழைத்து அடைத்தேன். பத்து நிமிட வேலை. யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் அண்ணன் தரையைத் தடவிப் பார்த்தான். "சொட்டு தானா நின்னுருச்சு பாப்பா. புதுப் பம்பு தேட வேணாம் போல."

நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, காஹாங்கில் சொந்தக்காரர் வீட்டு விருந்துக்குப் போனோம், நாங்கள் இருவர் மட்டும். வழியில் இருபக்கமும் செம்பனைத் தோட்டம். முன்னாலிருந்து கல்லை அரைக்கிற மாதிரி ஒரு சத்தம். அண்ணன் ஓரம் கட்டினான். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க எஞ்சினை அணைக்காமலே பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டான்.

என் போன் அடித்தது. அண்ணி.

"அண்ணே, வீட்டம்மா! போன எடுக்க மாட்டியாம், என்னைப் பிடிச்சுக் கத்துறாங்க!"

"இரு லா," என்று முனகியபடி நிமிர்ந்து என் பக்கம் இரண்டு எட்டு வைத்தான்.

வெடி போட்ட மாதிரி இருந்தது. பம்பின் தண்டு முறிந்து, அதில் மாட்டியிருந்த ஃபேன் சுற்றிய வேகத்திலேயே ரேடியேட்டருக்குள் பாய்ந்தது. ஒரு இறக்கை பிய்ந்து மேலே பறந்து பானெட்டின் உட்பக்கத்தைக் கிழித்துக்கொண்டு நின்றது. சற்று முன் அவன் தலை இருந்த இடத்துக்கு நேர் மேலே. கொதிநீர் ரோட்டில் ஓடியது. போனில் அண்ணி, "ஹலோ? என்ன சத்தம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அடுத்த சனிக்கிழமை புதுப் பம்பும் பழைய ரேடியேட்டர் ஒன்றும் கிடைத்தன. உடைந்த பம்பை அண்ணன் கழற்றிக்கொண்டிருந்தான். நான் புதுப் பம்பின் பெட்டியைப் பிரித்தேன். அதற்கும் அடியில் அதே துளை. நம்ப முடியாமல் உள்ளே இருந்த தாளைப் படித்தேன். உள்ளே கசிவைத் தடுக்கும் சீல் தேய்ந்தால் தண்ணீர் அந்த வழியாகத்தான் வெளியே வருமாம். எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாதாம், அடைத்தால் தண்ணீர் தண்டைத் தாங்கும் பேரிங்கைத் தின்றுவிடுமாம்.

அந்தத் தாளை இன்னொரு முறை படித்தேன்.

"இங்க பாரு!" அண்ணன் பழைய பம்பைத் திருப்பிக் காட்டினான். "எவனோ பசை வச்சு அடைச்சிருக்கான். நமக்கு வித்தானே அந்தப் பாவி, அவன் வேலைதான் இது!" கிரீஸ் கையோடு போனை எடுத்தான். விற்றவருக்கு வாய்ஸ் மெசேஜ். "யோவ், மனுசனாய்யா நீ? என் தலை போயிருக்கும்..."

பேசாமல் இருந்திருக்கலாம். பழி விற்றவர் தலையிலேயே போய் உட்கார்ந்திருக்கும். அனுப்பக் கட்டை விரல் எழும்பியபோது, "அண்ணே, அனுப்பாத. அடைச்சது நான்," என்றேன்.

"வெளையாடாத."

"நெசமா. ரெண்டு வாரம் முன்ன."

மெசேஜை அழித்தான். முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. கணக்குப் போடுகிறவன் மாதிரி கண்ணை எங்கோ வைத்திருந்தான்.

"அந்த ரெண்டு வாரமும் பிள்ளைய இதுலதான் ஸ்கூலுக்குக் கொண்டுபோனேன்," என்றான். "எறங்குனதும் காருக்கு முன்னால வந்து நின்னு டாட்டா காட்டும்."

அவன் மகளுக்கு ஆறு வயது. அது என் மண்டைக்கு எட்டியதும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் தூக்கிவிடவில்லை. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனான். அவன் அண்ணியிடம் மெதுவாகப் பேசுவது கேட்டது. பிறகு அண்ணி வாசலுக்கு வந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.